காலணா ஸ்டாம்புக்காகக் கடுதாசிக்குக் கத்தரி!
ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் டிரங்குப் பெட்டிகளில் தூங்கும் சரித்திரம் துண்டு துண்டாகப் போகிறது

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துப் பழைய வீடுகளில் பரண் மேல் டிரங்குப் பெட்டி ஒன்று கட்டாயம் இருக்கும்.

உள்ளே என்ன? தாத்தா காலத்துக் கடுதாசி, அடமானப் பத்திரம், பஞ்சு வியாபாரக் கணக்கு, கல்யாணப் பத்திரிகை, காலணா கார்டு.

வீட்டை இடித்துக் கட்டும்போதோ, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதோ பெட்டி கீழே இறங்கும். பழைய பேப்பர்காரர் எடைக்குக் கேட்பார். சில வீடுகளில் அவருக்கு முந்தி வேறொரு ஆசாமி வந்துவிடுவார். அவர் கையில் தராசு இருக்காது. கத்தரிக்கோல் இருக்கும்!

"ஸ்டாம்பு மட்டும் போதும் அண்ணாச்சி. மிச்சத்தை நீங்களே வச்சுக்கிடுங்க" என்பதுதான் இந்த வியாபாரத்தின் வழக்கமான பேச்சு. மிச்சம் அடுப்புக்குப் போகும்.

அவருடைய காகிதம், அவர் விற்கிறார், உனக்கென்னய்யா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலைக் கார்டைத் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ராஜா தலை போனால் ஊர் தலையும் போகும்

இந்தியாவில் போஸ்ட் கார்டு வந்தது 1879 ஜூலை 1ந் தேதி. விலை காலணா. ஸ்டாம்பு தனியாக ஒட்டுவது கிடையாது. முகவரிப் பக்கம், வலது மேல் மூலையில் ராணி தலையை அச்சடித்தே விற்றார்கள். பிறகு ராஜா தலை வந்தது.

அந்த மூலையை வெட்டினால் என்ன ஆகும்? பின்பக்கம் இடது மேல் மூலையும் சேர்ந்து போகும். கடுதாசியின் முதல் நாலைந்து வரிக்குத் தலை இருக்காது. யாருக்கு எழுதினார், என்ன முறை சொல்லிக் கூப்பிட்டார் என்பதெல்லாம் காலி! ஸ்டாம்பு மேல் பாதி விழுந்திருக்கும் தபால் முத்திரை இரண்டாகப் பிளந்து, தேதி ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் ஆகிவிடும்.

முத்திரைப் பத்திரத்துக்கும் இதே கதி. மேலே இருக்கும் ராஜா படத்துக்காகத் தலைப்பை மட்டும் வெட்டி எடுப்பார்கள். யாருக்கு, எந்தத் தேதியில் விற்றது என்று ஸ்டாம்பு வெண்டர் எழுதிய குறிப்பு பெரும்பாலும் அதன் முதுகில்தான் இருக்கும். வெட்டிய பின் அந்தப் பத்திரம் யார் வீட்டுது என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தப் பக்கத்துக் காகிதத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. 1910க்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910ல் ராமநாதபுரம் ஜில்லா பிறந்ததும் அதோடு சேர்ந்தது. 1985ல் தனி மாவட்டம். இன்றைக்கு விருதுநகர் மாவட்டம். அதாவது, ஒரே தெரு, ஒரே வீடு. பத்திரத் தலைப்பில் மட்டும் ஜில்லா மாறிக்கொண்டே வரும். கத்தரி விழுவது சரியாக அந்தத் தலைப்பில்தான்!

தெற்கே செங்கோட்டை முதலில் திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவாங்கூர்-கொச்சி. அந்தச் சமஸ்தானத்துக்குத் தனி அஞ்சல், சங்கு முத்திரை போட்ட தனி ஸ்டாம்பு. விலை அணாவில் இல்லை, சக்கரத்தில். சங்கு ஸ்டாம்பை ஆல்பத்தில் ஒட்டிவிட்டால் அது வெறும் படம். கவரோடு இருந்தால்தான் மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் யார் யாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தார் என்று தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், விவரம் தெரிந்த ஸ்டாம்பு சேகரிப்பாளர்களே வெட்டிய துண்டை மதிப்பதில்லை. முழுக் கார்டுக்கும், முத்திரை விழுந்த முழுக் கவருக்கும்தான் நல்ல விலை. கத்தரி போட்டவர் சரித்திரத்தையும் கெடுத்தார், தன் லாபத்தையும் கெடுத்துக்கொண்டார்!

கையெழுத்து மட்டும் போதுமாம்

ஸ்டாம்பாவது சின்ன வியாபாரம். பெரிய வியாபாரம் கையெழுத்து.

காந்தி தன் கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கினார். பணம் ஹரிஜன நிதிக்குப் போனது. இப்போது காந்தி பேர் சொன்னால் எதுவும் ஏலம் போகிறது. அவர் சுடப்பட்ட இடத்தில் எடுத்ததாகச் சொன்ன ஒரு சிட்டிகை மண்ணும் புல்லும் 2012ல் இங்கிலாந்தில் 10 ஆயிரம் பவுனுக்குப் போயிற்று. 2020ல் அவருடையது என்ற மூக்குக் கண்ணாடி 2 லட்சத்து 60 ஆயிரம் பவுன்! மண்ணையே விடாதவர்கள் கடிதத்தை விடுவார்களா?

அமெரிக்காவில் இது கம்பெனிகளே நடத்தும் தொழில். பழைய கடிதத்தையும் செக்கையும் வாங்கி, பிரபலங்களின் கையெழுத்தை மட்டும் நறுக்கி, அட்டையில் பதித்துப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். 2003ல் ஒரு கம்பெனி, பேப் ரூத் என்ற பேஸ்பால் வீரர் போட்ட சட்டையை 2 லட்சத்து 64 ஆயிரம் டாலருக்கு ஏலம் எடுத்து, துணியைத் துண்டு துண்டாக வெட்டி அட்டைக்குள் வைத்து விற்றது. ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் அட்டையும் விற்றது.

கிரைம் செய்தி எழுதுகிறவனுக்கு இதில் இன்னொரு சங்கதி உறுத்துகிறது. வெட்டிய கையெழுத்து போலிக்காரனுக்கு வெல்லக்கட்டி. முழுக் கடிதம் என்றால் காகிதம், மை, தேதி, விஷயம் எல்லாம் பொருந்த வேண்டும். இரண்டு அங்குலச் சீட்டில் எதைப் பொருத்திப் பார்ப்பது?

முழுசாக இருந்ததால் சிக்கியது

தஞ்சை சரஸ்வதி மகாலில் இருந்த பழைய தமிழ் பைபிள் 2005ல் காணாமல் போனது. 1715ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்டது; சரபோஜி மன்னரின் கையெழுத்து உள்ள பிரதி. லண்டனில் ஒரு சேகரிப்பில் அது இருப்பதாகச் சிலைக் கடத்தல் தடுப்புப் போலீசார் 2022ல் அறிவித்தார்கள். பக்கம் பக்கமாகக் கிழித்துப் பல பேருக்கு விற்றிருந்தால்? எந்தப் பக்கத்தைப் பார்த்து, இது தஞ்சாவூர் புத்தகம் என்று அடையாளம் சொல்வது?

கிழித்து விற்றதற்கும் உதாரணம் இருக்கிறது. ஈரான் மன்னர் தமாஸ்புக்காக எழுதிய ஷாநாமா. 258 ஓவியங்கள் கொண்ட புத்தகம். அமெரிக்கப் பணக்காரர் ஆர்தர் ஹௌட்டன் 1959ல் வாங்கி, தையலைப் பிரித்தார். 78 ஓவியத்தை 1972ல் நியூயார்க் மியூசியத்துக்குக் கொடுத்தார். பிறகு தனித்தனியாக விற்றார். மிச்சம் மீதியை 1994ல்தான் ஈரான், ஒரு நவீன ஓவியத்தைப் பதிலுக்குக் கொடுத்து மீட்டது. பிரிந்த ஏடுகளில் ஒன்று மட்டும் 2022ல் 80 லட்சம் பவுனுக்கு விற்றது. நானூறு வருஷத்துக்கு மேல் ஒன்றாக இருந்த புத்தகம் இனி ஒன்றாகச் சேர வழியே இல்லை.

வெட்டுகிறவர்கள் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. முழுப் புத்தகம் ஒரு பணக்காரன் பெட்டியில் தூங்கும். ஒரு ஏடு என்றால் நடுத்தரக்காரனும் வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்கிறார்கள். கரையான் தின்பதற்கு நான் வெட்டினது தேவலை என்பது நம்ம ஊர் வாதம். கரையான் அரித்த ஏட்டை நானும் பார்த்திருக்கிறேன்; சுலபமாகத் தள்ள முடியாத வாதம்தான். ஆனால் கரையானுக்கு மருந்து உண்டு. கத்தரிக்கு ஏது மருந்து?

சட்டம் என்ன சொல்கிறது?

1972ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, சரித்திர மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியும் ஆவணமும் 75 வருஷம் ஆனால் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும். சட்டத்தின் கண் ஏற்றுமதி மேலும் வியாபாரத்தின் மேலும்தான். சொந்தப் பெட்டியில் இருக்கும் தாத்தா கடுதாசிக்குக் கத்தரி போடுகிறவரைப் பிடிக்கப் போலீஸ் வராது.

கோர்ட்டே ஓட்டை போடுகிற கூத்தும் உண்டு. மறுபடி யாரும் பயன்படுத்தக் கூடாதென்று, கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பில் துளை போட்டுத்தான் ரத்து செய்வார்கள். அது காசைக் காப்பாற்றப் போட்ட ஓட்டை; அதற்கு மேல் ஒரு எழுத்தையும் அது தொடாது.

ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் இருக்கிறதே, அது 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பி.எஸ்.குமாரசாமி ராஜா தன் வீட்டைத் தானம் கொடுத்ததால் வந்தது. தூண் தனி, கதவு தனி என்று பிரிக்கவில்லை, வீடாகவே கொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் 1875ல் இருந்து நடக்கிறது. காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் போர்டு எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, ஊர் ஊராகப் பழைய புத்தகம் தேடிச் சேர்த்தார். 1992ல் அவர் இறந்தபின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக வைத்தது.

பெட்டி இறங்கினால் உடனே செய்ய வேண்டியது அதிகமில்லை. துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றுங்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள். பசை காகிதத்தைக் கறுப்பாக்கிவிடும். குறிப்பு எழுத வேண்டுமா, பென்சிலால் எழுதுங்கள். இரண்டு பக்கத்தையும் செல்போனில் படம் பிடியுங்கள். ஸ்டாம்புதான் வேண்டும் என்று வருகிறவரிடம், முழுக் கார்டுக்கு என்ன தருவீர் என்று கேட்டுப் பாருங்கள்.