புதுப்பித்த எஞ்சினும் முதல் ஓட்டமும்

வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாஸடர் மோட்டார் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும் பழைய வண்டியின்மேல் பிரியங் கொண்டோர் அதன் எஞ்சினை ரீபோர் செய்து புதுப்பித்து ஓட்டி வருகிறார்கள். பெருஞ் செலவான அவ்வேலையின் பலன் பட்டறையோடு முடிவாகிவிடுவதில்லை. முதல் சில நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் கையிலும் இருக்கிறது.

காரணம் என்ன? கல்லால் தேய்க்கப்பட்ட சிலிண்டர் சுவரில் குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கீறல்கள் உண்டு. பிஸ்டன் ரிங்குகள் அவற்றில் உராய்ந்தே சுவரோடு பொருந்த வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் வலிமை. வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை வெறுமனே முணுமுணுக்க விட்டால் அவ்வலிமை போதாது. சுவர் கண்ணாடிபோல் மழமழத்துவிடும். அப்புறம் ஆயில் எரிந்து நீலப் புகைதான் மிஞ்சும்!

ஆகவே, ஆயிலும் தண்ணீரும் நிரப்பியபின் பிளக்குகளைக் கழற்றி, ஆயில் எங்கும் பரவும்வரை எஞ்சினைச் சுழற்றுக. சாலையில் மிதமான வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் செல்க. ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டலாகாது. மேட்டில் திணறவிடவும் ஆகாது. சில நூறு கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிவிடுக. உதிர்ந்த உலோகத் தூள் அதில் கலந்திருக்கும்.

மிதமிஞ்சிய செல்லம், மிதமிஞ்சிய கண்டிப்பு இரண்டுமே குழந்தைக்கு ஆகா. புது எஞ்சினுக்கும் அப்படியே.