முன்கண்ணாடி எவ்வளவு அகலம்?

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா மகன் போனை நீட்டினான். செண்பகத்தோப்பில் எடுத்த படமாம். இலைகளுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. அதுதான் நரை அணில் என்று அவன் சொல்லித்தான் தெரிந்தது.

"மாமா, பழைய கேமராவுக்கு 150-600 லென்ஸ் வாங்கவா, ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்கி போனை மாட்டிக்கிடவா?"

அவன் மனசு ஸ்கோப் என்கிற அந்தத் தொலைநோக்கி பக்கம்தான். காரணம் கணக்கு. போன் லென்ஸ் 26 மி.மீ.க்குச் சமம். ஸ்கோப்பை 30 மடங்கில் வைத்தால் 780. 60 மடங்குக்குத் திருகினால் 1,560. அந்த லென்ஸோ 600-லேயே நின்றுவிடுகிறது.

அந்த எண்ணை விட்டுவிட்டு முன்கண்ணாடியைப் பார்க்கச் சொன்னேன். வெளிச்சம் உள்ளே வருகிற வாசல் அதுதான். 600-ஐ லென்ஸின் எஃப் எண்ணான 6.3-ஆல் வகுத்தால் 95 மி.மீ. நல்ல ஸ்கோப்பின் முன்கண்ணாடி 80 அல்லது 85. இரண்டுமே கையிலிருக்கும் டீ கிளாஸின் வாயைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். 80 மி.மீ. ஸ்கோப்பில் 20 மடங்கில் பின்பக்கம் வெளிவரும் ஒளிக்கற்றை 4 மி.மீ. அகலம், 60 மடங்கில் 1.3 மி.மீ.தான். மடங்கு ஏற ஏறப் பாலில் தண்ணீர் ஊற்றுகிற கதை. கிளாஸ் நிறையும், பால் கூடாது.

"அப்போ ரெண்டும் ஒண்ணுதானா?" என்றான்.

இல்லை. ஸ்கோப்பில் ஃபோகஸ் கையால் திருகுவது. லென்ஸில் கேமராவே பிடித்துக்கொள்ளும். நரை அணில் தரைக்கு அபூர்வமாகத்தான் இறங்கும். கிளைவிட்டுக் கிளை தாவியே காலம் தள்ளும். நீ ஸ்கோப்பைத் திருப்பி, போன் திரையின் ஓரத்துக் கறுப்பு வளையத்தைச் சரிசெய்து முடிப்பதற்குள் அது அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். தலைக்கு மேல் பதினைந்து இருபது மீட்டரில் இருக்கிற அணிலுக்கு 60 மடங்கு எதற்கு? வால் மட்டும்தான் திரையில் நிற்கும். 1988-ல் அந்த அணிலுக்காகவே ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் வந்தது. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. இப்போது எல்லோரும் புலியைக் கேட்கிறார்கள், அணிலை யாரும் கேட்பதில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

ஸ்கோப்புக்கென்று வேறு இடம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாயில் தண்ணீர் நிற்கிற மாதங்களில் கரையில் ட்ரைபாடை ஊன்றிப் பார். நடுத்தண்ணீரில் ஒற்றைக்காலில் நிற்கிற நாரை எங்கேயும் ஓடப்போவதில்லை. மலைச்சரிவில் படுத்து அசைபோடுகிற வரையாடும் அப்படித்தான். லென்ஸில் அது எறும்பாகத் தெரியும். ஸ்கோப்பில் கொம்பின் வளைவு தெரியும். அதுவும் காலையில்தான். வெயில் ஏறிக் கரிசல் மண் சுட ஆரம்பித்தால் கானல் எழும். பிறகு எந்தக் கண்ணாடியிலும் படம் நெளியும். மடங்கைக் கூட்டினால் நெளிவும் கூடும்.

ஸ்கோப்போடு கேமராவை ஒட்டிப் படமெடுக்கிற இந்த வித்தையே 1999-ல் மலேசியாவில் லாரன்ஸ் போ என்ற பறவை ஆர்வலர் தன் சின்ன டிஜிட்டல் கேமராவை ஸ்கோப்பின் கண்பகுதியில் வைத்துப் பார்த்ததில் பிரபலமானது. 'டிஜிஸ்கோப்பிங்' என்று பெயர் வைத்தவர் அலேன் ஃபோசே என்ற பிரெஞ்சுக்காரர். ஒட்டுப்போட்டுப் படம் எடுப்பது நமக்கும் புதிதில்லை. திருநெல்வேலியில் பிறந்த கானுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணன் வெவ்வேறு பாகங்களைக் கோத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டு, அதோடுதான் யானைகளின் பின்னால் அலைந்தார்.

ஸ்கோப் வாங்கினால் முதல் செலவு ட்ரைபாட். ஆட்டம் காணாத கால்கள் வேண்டும். போனை நடுவில் பிடிக்கிற அடாப்டர் வேண்டும். திரையை விரலால் தொட்டாலே ஆடிவிடும், அதனால் இரண்டு நொடி டைமர். லென்ஸ் இரண்டு கிலோ வரும். தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம், அணில் தாவினால் கையோடு தூக்கித் திருப்பலாம்.

அவன் யோசித்தான். "அணில்தான் மாமா வேணும்."

"அப்போ லென்ஸ்."

"ஆனா ஸ்கோப்ல அம்மாவும் பார்க்கலாம்ல?"

அக்காவுக்கு முட்டி வலி, காட்டுக்குள் நடக்க முடியாது. கண்மாய்க்கரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாள். இதை நான் யோசிக்கவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.