இவான் செச்செனோவும் உளத்தின் பொருளடிப்படையும்

உளத்தை உடலினின்றும் வேறான ஒன்றாகக் கொள்ளும் கருத்துமுதல்வாத நோக்குக்கு ஆய்வுகூடத்திலிருந்து எழுந்த முக்கிய மறுப்புக்களுள் ஒன்று, ருஷ்ய உடற்றொழிலியலாளர் இவான் செச்செனோவின் (1829-1905) பணியாகும்.

1862இல் பாரிஸ் நகரில், குளோட் பேர்னாட்டின் ஆய்வுகூடத்தில் அவர் தவளைகளைப் பரிசோதித்தார். ஐதான அமிலத்திற் பட்ட காலைத் தவளை இழுத்துக்கொள்வது ஒரு தெறிவினை. மூளையின் குறித்த பகுதியில் உப்புப் பளிங்கை வைத்தபோது அத்தெறிவினை தாமதமுற்றது. உப்பை அகற்றியதும் மீண்டது. மூளை தூண்டுவது மட்டுமன்றி நிரோதிக்கவும் செய்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று. இறுதி அசைவு நிரோதிக்கப்பட்ட தெறிவினையே சிந்தனை என்ற அவரது விளக்கத்துக்கு இதுவே ஆதாரமாயிற்று.

இக்கருத்தைக் கூறும் 'மூளையின் தெறிவினைகள்' 1863இல் வெளியானது. முற்போக்கு இலக்கிய ஏடான 'சொவ்ரெமெனிக்'கில் அது வெளிவருவதைத் தணிக்கையாளர் தடுத்தனர். தலைப்பு மாற்றப்பட்டு மருத்துவ ஏடொன்றிலேயே வந்தது. 1866இல் வெளியான நூல்வடிவமும் முடக்கப்பட்டு, 1867இலேயே விடுவிக்கப்பட்டது. மருத்துவருக்கு அனுமதிக்கப்பட்டது பொதுவாசகருக்கு மறுக்கப்பட்டதென்பதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும். கருத்தைவிட, அது யாரைச் சென்றடையும் என்பதே ஆட்சியாளரை அஞ்சச் செய்தது.

உளச்செயற்பாட்டைத் தெறிவினைக்குள் அடக்கியமையில் இயந்திரப் பாங்கு உண்டு என்பதை நாம் மறுப்பதற்கில்லை. மொழியும் சமூக உறவும் உளத்தை உருவாக்குமாற்றைப் பின்வந்த வைகோட்ஸ்கி, லூரியா ஆகியோரே விரித்தாய்ந்தனர். எனினும் செச்செனோவின் பிற்கால ஆய்வுகள் மனித உழைப்பை நாடின. 1890களில் வேலைநாளின் நீளத்துக்கு உடற்றொழிலியல் அளவுகோல் வகுக்க முயன்ற அவர், முதுமையில் மொஸ்கோ தொழிலாளர் வகுப்புக்களில் விரிவுரையாற்றினார். தணிக்கை மறித்த வாசகரை அறிவியல் இவ்வாறே தேடிச் சென்றது.