பினாங்கின் பழைய கல்லறைத் தோட்டமும் வாயிற் காப்பும்

கோயிலுக்குக் கோபுரம் எவ்வாறோ, கல்லறைத் தோட்டத்திற்கு வாயிலும் அவ்வாறே. உள்ளே அடங்கியோர் சாவை எவ்வாறு கருதினர் என்பதை முதலிற் சொல்வது அதுவே. தமிழகத்துப் பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைத் தோட்டம் ஒன்றுளது. அதன் வாயிலின் இருமருங்கும் எலும்புக்கூட்டு உருவங்கள் கல்லிற் செதுக்கப்பட்டுள்ளன. யாக்கை நிலையாமையை அவை எழுத்தின்றியே உணர்த்துகின்றன. அத்தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் இருப்பதால், அவ்வுருவங்களை இன்றும் காண முடிகிறது.

மலேசிய நாட்டுப் பினாங்கிலும் இத்தகைய பழைய இடம் ஒன்று உண்டு. முன்னர் நார்தம் சாலை எனப்பட்டு, இன்று சுல்தான் அகமது ஷா சாலை என வழங்கும் வீதியிலுள்ள புராட்டஸ்டண்டு கல்லறைத் தோட்டமே அது. ஈழத்தலரி மரங்களின் நிழலில் அமைந்த அத்தோட்டம் பினாங்கின் தொடக்க கால வரலாற்றுக்கு ஓர் ஏடு எனலாம். 1786இல் இத்தீவில் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1794இல் இறந்து இங்கே அடக்கமானார். 1816இல் பினாங்கு இலவசப் பள்ளி தோன்றக் காரணரான ஹட்சிங்ஸ் பாதிரியாரும், ‘இந்தோனேசியா’ என்னும் பெயரைப் பரப்பிய அறிஞர் லோகனும் இங்கேயே துயில்கின்றனர்.

இவர்கள் ஐரோப்பியர், தமிழர் இதிற் கருத்துச் செலுத்துவது ஏன் என்று சிலர் வினவலாம். விடை அக்காலக் கட்டடக் கலையில் உள்ளது. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பே அந்நாளில் இத்தீவின் சாலைகளையும் கட்டடங்களையும் உருவாக்கியது. 1818இல் முடிவுற்ற புனித ஜார்ஜ் தேவாலயமும் அவர்கள் உழைப்பைக் கொண்டதே. சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரு தேவாலயத்திற்குச் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டு அரைத்த சாந்தினை அவர்கள் பூசியதாகக் குறிப்புகள் உள்ளன. ‘சென்னைச் சுண்ணாம்பு’ எனப் புகழ்பெற்ற கைத்திறன் அது. பெயர் பொறித்த கல் ஆண்டோருக்கு உரியதாயினும், அக்கால வேலைப்பாட்டில் பெயரற்ற தொழிலாளரின் கையும் கலந்துளது.

இத்தகைய தோட்டங்களில் விரைந்து கெடக்கூடிய உறுப்பு வாயில். வண்டிகள் உராய்வதும் அங்கேதான். சாலை மட்டம் உயர உயர மழைநீர் தேங்குவதும் அங்கேதான். பறவைகள் இடும் எச்சத்தால் ஆலும் அரசும் தூண் உச்சியில் முளைக்கும். ஆண்டுதோறும் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் பினாங்கில் அவை விரைந்து வேரூன்றிவிடும்.

இவற்றினும் கொடியது அன்பினால் விளையும் கேடு. விரிசல் கண்டவுடன் நல்லெண்ணத்துடன் சிமெண்டு பூசிவிடுகின்றனர். பழஞ் செங்கல் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணச்சாந்து நுண்டுளைகள் நிறைந்ததாதலின், அவ்வீரத்தை வெளியே ஆவியாகப் போகவிடும். சிமெண்டோ அதனைத் தடுக்கும். அடைபட்ட ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, அதிற் கரைந்துள்ள உப்பு படிகமாகிப் பருத்து, செங்கல்லின் முகத்தை உதிர்க்கும். சில ஆண்டுகளிற் பூச்சு திடமாக நிற்க, உள்ளே சுவர் பொடியாகும்.

ஆதலின் காப்பு முறை பழைய முறையே. முதலில் வாயிலை அளந்து, வரைந்து, நிழற்படம் எடுத்தல் வேண்டும். மரக் கன்றுகளைப் பிடுங்கலாகாது. வேருடன் செங்கல்லும் பெயரும். அடியில் வெட்டி வேரைப் பட்டுப்போகச் செய்தல் வேண்டும். அடுத்து மழைநீருக்கு வடிகால். அதன் பின்னரே சாந்து வேலை. சுண்ணாம்பை நீற்றிப் பல வாரம் ஊறவிட்டு, மணலுடன் அரைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஈரச் சாக்கினால் மூடிக் காத்தல் வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சுண்ணாம்பு மெல்ல மெல்லக் கல்லாக இறுகும். இங்கு அவசரம் ஆகாது.

மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் உண்டு. ஜார்ஜ் டவுன் நகரம் 2008இல் உலக மரபுடைமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. எனினும் சட்டம் சாந்து அரைக்காது. சுண்ணாம்பின் குணம் அறிந்த கொத்தனார்கள் அருகிவருகின்றனர். வாயிலைக் காப்பதென்பது அத்தொழிலைக் காப்பதுமாகும். தொழில் மறைந்தபின் வாயில் மட்டும் நில்லாது.