பேச்சு சரி தம்பி, வேன் இருக்கா?

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபம். நான் படித்த தமிழ்ப்பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. "கோலாலம்பூரில் வேலை செய்யும் நம்ம பிள்ளை வந்து நாலு வார்த்தை பேசட்டும்" என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் அழைத்திருந்தார்கள்.

இரவெல்லாம் எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு போனேன். தமிழின் தொன்மை, தாய்மொழிக் கல்வியின் சிறப்பு, முன்னோர் சிந்திய வியர்வை என்று இருபது நிமிடம் முழங்கினேன். நன்றாகக் கைதட்டினார்கள். ஆனால், முதலாமாண்டுப் பதிவு மேசைக்கு ஒருவரும் வரவில்லை.

பின்வரிசையில் ஒரு பாட்டி. ஆயாக் கொட்டகையில் என்னைத் தூக்கி வளர்த்தவர். "பேச்சு நல்லாத்தான் இருக்கு தம்பி. பள்ளிக்கூடத்துக்கு வேன் இருக்கா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

லயங்கள் காலியாகி வெகு காலமாகிவிட்டது. குடும்பங்கள் ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தாமான்களுக்குக் குடிபோய்விட்டன. விடியுமுன் தொழிற்சாலைக்குக் கிளம்பும் பெற்றோர், பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது என்றுதான் தயங்கினார்கள். தமிழ்ப்பற்று அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அவர்களுக்கு இல்லாத சந்தேகத்துக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு அப்பா, துன் வீ.தி. சம்பந்தனைப் பற்றிச் சொன்னார்.

1950களின் இறுதியில் வெள்ளைக்கார முதலாளிகளின் பெரிய தோட்டங்கள் விற்கப்பட்டு, துண்டு துண்டாக்கப்பட்டன. தொழிலாளிக்கு வேலையோடு வீடும் போனது. அப்போது ம.இ.கா. தலைவராக இருந்த சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். பங்கின் விலை 100 வெள்ளி. பால்மரம் வெட்டுகிறவர் ஒரே தடவையில் எடுத்து வைக்கக்கூடிய தொகையா அது? மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்று வழி காட்டினார். அப்படிச் சேர்ந்த பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமானது.

"ஆபத்து எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். என்ன செய்யணும்னு சொன்னாரு பாரு, அதுலதான் ஜனங்க நம்பினாங்க" என்றார் அப்பா.

இரண்டாவது கூட்டம்

ஆறு வாரம் கழித்து மறுபடியும் பேச வாய்ப்புக் கிடைத்தது. இந்த முறை எழுத உட்காரவில்லை. தாமானில் பத்து வீடுகளுக்குப் போய், என்ன சிரமம் என்று கேட்டேன். பள்ளி வேன் ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் நேரமும் கட்டணமும் பேசி முடித்தேன்.

கூட்டத்தில் ஐந்தே நிமிடம் பேசினேன். "பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது என்பதுதானே உங்கள் கவலை? வேன் தாமான் முகப்புக்கே வரும். மாதக் கட்டணம் இது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு அந்த மேசைக்குப் போங்கள். பதிவை ஆசிரியர் செய்து தருவார்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஏழு குடும்பங்கள் எழுந்து போயின.

நீங்கள் பேசும்போது

அலுவலகக் கூட்டமோ, கோயில் கமிட்டியோ, கல்யாண மண்டபமோ, எனக்கு உதவிய நான்கு பழக்கங்கள் இவை:

மேடை ஏறுமுன், கேட்கப் போகிறவர்களில் மூன்று பேரிடமாவது பேசிவிடுங்கள். உங்கள் முதல் வாக்கியம் அவர்கள் வாயிலிருந்தே கிடைக்கும்.

அவர்கள் மனத்திலுள்ள தயக்கத்தை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். "நம்ம நிலைமை இவருக்குத் தெரியும்" என்ற எண்ணம் வந்தபிறகுதான் காது திறக்கும்.

ஒரே ஒரு காரியம் கேளுங்கள். அது அன்றே செய்யக்கூடியதாக இருக்கட்டும்.

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யாதீர்கள். தொடக்க வரியும் முடிவு வரியும் மட்டும் மனத்தில் இருந்தால் போதும். நடுவில் தடுமாறினாலும் கரை சேர்ந்துவிடலாம்.

எங்கள் பள்ளி இன்னும் சின்னப் பள்ளிதான். 150 பேருக்குக் குறைவாக இருப்பதால், 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால், அந்த வேன் இன்றும் ஓடுகிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் பாட்டி, "வேன்ல இப்ப எத்தனை பிள்ளைங்க தம்பி?" என்று கேட்பார். இப்போது என்னிடம் பதில் இருக்கிறது.