டிக்கெட் இல்லாத கச்சேரி: திருவையாறு போய் வருவோம்!



"கச்சேரியெல்லாம் காசுள்ளவங்களுக்கு, நமக்கெதுக்கு?" என்று நம்மில் பலர் சொல்கிறோம். ஆனால் டிக்கெட் வாங்காமல், பந்தலில் தரையில் உட்கார்ந்து, பெரிய வித்வான்கள் பாடுவதைக் கேட்கும் விழா ஒன்று தஞ்சாவூர் மாவட்டத்தில் வருடா வருடம் நடக்கிறது. அதுதான் திருவையாறு தியாகராஜர் ஆராதனை.

என்ன விழா?

தியாகராஜர் 1847-ல் திருவையாற்றில் காலமானார். காவிரிக் கரையில் அவர் சமாதி இருக்கிறது. புஷ்ய பகுள பஞ்சமி நாளில் ஆராதனை நடக்கும். இது பெரும்பாலும் ஜனவரியில் வரும். அதையொட்டிச் சில நாட்கள் கச்சேரிகள் உண்டு. கலைஞர்கள் சன்மானம் வாங்காமல் காணிக்கையாகப் பாடுகிறார்கள். பஞ்சமியன்று காலை 9 மணியளவில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடுவார்கள். அர்த்தம் புரியலையே என்று தயங்க வேண்டாம். அத்தனை குரலும் ஒன்று சேர்வதைக் கேட்பதே தனி சந்தோஷம்.

ஒரு பெண் கட்டிய கோயில்

அந்தச் சமாதி ஒரு காலத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்தது. தேவதாசி குலத்தில் பிறந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள், தன் சொந்தச் சம்பாத்தியத்தைப் போட்டுக் கோயில் கட்டினார். 1926-ல் கும்பாபிஷேகம் நடந்தது. ஆனால் அன்று ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை. கோயில் கட்டியவருக்கே இடமில்லை! அவர் சும்மா இருக்கவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில் பிரிந்திருந்தவர்கள் ஒன்றானார்கள்; பெண்களும் சேர்ந்து பாடினார்கள். தியாகராஜர் சன்னதியை நோக்கி அவர் சிலை இருக்கிறது. மறக்காமல் பாருங்கள்.

செலவுக்கு என்ன வழி?

* சுற்றுலாவுக்கு உள்கடன் வாங்க வேண்டாம். குழுச் சேமிப்பிலும் கை வைக்க வேண்டாம்.
* தனி உண்டியல் வையுங்கள். வாரம் 10 ரூபாய் போட்டால் 40 வாரத்தில் ஆளுக்கு 400 ரூபாய் சேரும். பக்கத்து மாவட்டத்திலிருந்து போய்வர இது கை கொடுக்கும்.
* உண்டியல் கணக்கை யார் பார்ப்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.
* தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 12 கிலோமீட்டர். சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த வண்டிதானா என்று கேட்டு ஏறுங்கள்.
* புளிசாதம், தண்ணீர், விரித்து உட்கார ஒரு பழைய புடவை கொண்டு போங்கள்.

ஒரு நாளில் என்ன பார்க்கலாம்?

பஞ்சமியன்று கூட்டம் அதிகம். காலை 7 மணிக்கே பந்தலில் இடம் பிடியுங்கள். பாட்டு முடிந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தஞ்சாவூர் திரும்புங்கள். மதியம் அரண்மனை பார்க்கலாம். அதற்கு நுழைவுக் கட்டணம் உண்டு. மாலையில் நடை திறந்ததும் பெரிய கோயில் போங்கள். ராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்தது. விமானம் சுமார் 216 அடி உயரம். இங்கே கட்டணம் இல்லை.

கூட்டத்தில் யாராவது பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஊக்குநர், பிரதிநிதி போன் நம்பரை எல்லோரும் சீட்டில் எழுதி வைத்திருப்பது நல்லது.

வீட்டில் "ஒரு நாள் வேலை கெடுமே" என்பார்கள். வருடம் முழுக்க உழைக்கிற நமக்கு ஒரு நாள் நமக்காக வேண்டாமா? அடுத்த கூட்டத்திலேயே பேசுங்கள். உண்டியலில் முதல் பத்து ரூபாயைப் போடுங்கள்!