கூரைமேல் எறிந்த பல்

போடிநாயக்கனூரில் ஓட்டு வீடுகள் நிறைந்த ஒரு தெரு. ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இரண்டு நாட்களாக ஆடிக்கொண்டிருந்த முன்பல் இன்று காலை விழுந்துவிட்டது. பாட்டி அதைச் சாண உருண்டைக்குள் வைத்துக் கொடுக்கிறார். சிறுமி அதைக் கூரைமேல் வீசி எறிகிறாள். இப்படி எறிந்தால்தான் நல்ல பல் முளைக்கும் என்பது பாட்டியின் நம்பிக்கை. எறிந்தாலும் பல் முளைக்கும், எறியாவிட்டாலும் முளைக்கும் என்பதை நாம் அறிவோம்.

மாணவர்களே, நீங்களும் இப்படி எறிந்திருப்பீர்கள். அந்தச் சின்னஞ்சிறு பல்லுக்குள் எத்தனை செய்திகள் அடங்கியிருந்தன என்று எப்போதாவது எண்ணியதுண்டா? இயற்பியல் கற்பிக்கும் எனக்குப் பல்லில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பல்லின் மேலுறையான எனாமல் ஒரு படிகப் பொருள். படிகம் எங்கே இருந்தாலும் அங்கே இயற்பியலுக்கு வேலை உண்டு!

எனாமல் என்னும் கவசம்

நம் உடலில் உள்ள பொருள்களிலேயே மிகவும் கடினமானது எனாமல். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமமே. கால்சியம், பாஸ்பேட், ஹைட்ராக்சில் ஆகிய அயனிகள் வரிசையாக அடுக்கப்பட்ட அந்தக் கனிமத்துக்கு ஹைட்ராக்சி அபடைட் என்று பெயர்.

எலும்பு முறிந்தால் மீண்டும் கூடுகிறது. எனாமல் உடைந்தால் கூடுவதில்லை. ஏன்? எலும்புக்குள் உயிரணுக்கள் இருக்கின்றன. எனாமலைக் கட்டி எழுப்பிய உயிரணுக்களோ பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. கொத்தனார் வீட்டைக் கட்டி முடித்துவிட்டு ஊரை விட்டே போய்விட்டதைப் போன்றது இது. பிறகு சுவரில் ஓட்டை விழுந்தால் பூச ஆளில்லை. இதில் ஒரு நன்மையும் உண்டு. எனாமல் உருவான காலத்தில் அதற்குள் புகுந்த அணுக்கள் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகின்றன.

பல்லில் பூச்சி உண்டா?

சொத்தைப் பல்லை நாம் 'பூச்சிப் பல்' என்கிறோம். பல்லைத் துளைக்கும் புழு ஒன்று உண்டு என்று உலகின் பல நாடுகளிலும் நெடுங்காலம் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத் தகர்த்தது பிடுங்கிய பற்களைக் கொண்டு செய்த ஒரு சோதனைதான்.

பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர், பிடுங்கிய பற்களை எச்சிலும் ரொட்டியும் கலந்த கலவையில் இட்டு, உடலின் வெப்பநிலையில் வைத்தார். பற்களின் சுண்ணச்சத்து கரைந்தது. ரொட்டிக்குப் பதிலாகக் கொழுப்பை இட்டபோது கரையவில்லை. எச்சிலைக் கொதிக்கவைத்துவிட்டு ரொட்டியை இட்டாலும் கரையவில்லை. இதிலிருந்து நீங்களே முடிவுக்கு வரலாம். கொதிக்கவைத்தால் இறந்துபோகும் ஏதோ ஒன்று எச்சிலில் இருக்கிறது. அது மாவுப்பொருளை உண்டு அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த 'ஏதோ ஒன்று' பாக்டீரியாக்களே. மில்லர் தம் முடிவுகளை 1890இல் நூலாக வெளியிட்டார்.

அமிலத்தின் கடுமையை நாம் பி.எச். எண்ணால் அளக்கிறோம். வாயில் அது சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது. 1940களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர், சர்க்கரைக் கரைசலால் வாயைக் கொப்புளித்தவர்களின் பற்களில் படிந்த படலத்தை நுண்ணிய மின்முனைகளால் அளந்தார். சில நிமிடங்களிலேயே பி.எச். சரிந்தது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆயிற்று.

இதை நம் மலைச்சரிவுக்குப் பொருத்திப் பாருங்கள். போடியிலிருந்து விடியற்காலையிலேயே ஜீப்புகள் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மேலே செல்கின்றன. குளிருக்கு இதமாக இனிப்புத் தேநீர். ஒருவர் மூன்று கரண்டிச் சர்க்கரையை ஒரே தம்ளரில் கலந்து குடிக்கிறார். மற்றொருவர் அதே மூன்று கரண்டியை மணிக்கு ஒன்றாக மூன்று தம்ளரில் குடிக்கிறார். சர்க்கரை ஒன்றுதான். ஆனால் இரண்டாமவரின் பற்கள் மூன்று முறை அமிலத்தில் நனைகின்றன. எவ்வளவு இனிப்பு என்பதைப் போலவே எத்தனை முறை என்பதும் முக்கியம்.

'ஏலக்காய் மென்றால் போதாதா?' என்று போடி மாணவர் ஒருவர் கேட்கலாம். ஏலக்காயின் மணத்துக்குக் காரணம் அதன் எண்ணெயில் உள்ள சினியோல், டெர்பினைல் அசிடேட் போன்ற சேர்மங்கள். ஆய்வுக்கூடத் தட்டுகளில் ஏல எண்ணெய் சில வாய்ப் பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுத்திருக்கிறது. ஆனால் தட்டு வேறு, வாய் வேறு. ஏலக்காய் வாயை மணக்கச் செய்யும். பல்லில் ஒட்டிய படலத்தைத் துடைத்து எடுக்காது. அதற்குப் பிரஷ்தான் வேண்டும்.

அளவோடு இருந்தால் அமுதம்

பற்பசையில் புளோரைடு சேர்ப்பது ஏன்? புளோரைடு அயனி, படிகத்திலுள்ள ஹைட்ராக்சிலின் இடத்தில் அமர்ந்துகொள்கிறது. அப்படி உண்டாகும் புளோர் அபடைட் பி.எச். சுமார் 4.5 வரை இறங்கினாலும் தாங்கும்.

ஆனால் மிகுந்தால் அதுவே கேடு. பல் உருவாகும் வயதில் புளோரைடு மிகுந்த நீரைக் குடித்தால் எனாமலில் வெண்புள்ளிகளும் பழுப்புக் கறைகளும் தோன்றும். மேலும் மிகுந்தால் எலும்பும் கெடும். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியிலிருந்துதான் அறிவிக்கப்பட்டது. கண்டறிந்தவர் ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும். தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இக்குறை மிகுதி. அதற்காகவே காவிரி நீரை அங்கே கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் புளோரைடு ஏற்கத்தக்கது; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம்.

அணுகுண்டைக் காட்டிக்கொடுத்த பால்பற்கள்

1950களில் வல்லரசுகள் வானவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அவற்றின் தூசியில் ஸ்ட்ரான்ஷியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. தனிம அட்டவணையைப் பாருங்கள். ஸ்ட்ரான்ஷியம், கால்சியத்துக்கு நேர் கீழே உள்ளது. ஆகவே உடல் அதைக் கால்சியம் என்றே கருதி ஏற்றுக்கொள்கிறது. தூசி புல்லில் படிந்தது. புல்லைப் பசு தின்றது. பாலைக் குழந்தை குடித்தது. குழந்தையின் பல்லில் ஸ்ட்ரான்ஷியம் குடியேறியது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மருத்துவர் லூயி ரைஸ் முதலியோர் 1958இல் ஒரு வேண்டுகோள் விடுத்தனர்: 'விழுந்த பால்பற்களை எங்களுக்கு அனுப்புங்கள்.' பல் அனுப்பிய குழந்தைகளுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் கிடைத்தது. 1970 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பற்கள் வந்து குவிந்தன. 1950இல் பிறந்தவர்களைவிட 1963இல் பிறந்தவர்களின் பற்களில் சுமார் 50 மடங்கு ஸ்ட்ரான்ஷியம்-90 இருந்தது! ஆய்வின் முதல் முடிவுகள் 1961இல் வெளியாகி மக்களை விழிக்கச் செய்தன. 1963இல் வானவெளிச் சோதனைகளைத் தடை செய்யும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதற்குத் துணைநின்ற சான்றுகளுள் குழந்தைகளின் பற்களும் ஒன்று.

பல் விழுந்த இடமும் உதடு பிளந்த இடமும்

பல்லின் நடுவே மென்மையான பற்கூழ் உள்ளது. விழும் பால்பல்லின் பற்கூழிலும் குருத்தணுக்கள் இருப்பதை 2003இல் அறிவியலாளர்கள் காட்டினர். எலும்பு போன்ற திசுக்களாக மாறும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு.

இதனால் யாருக்குப் பயன்? சில குழந்தைகள் உதட்டுப் பிளவுடனோ அண்ணப் பிளவுடனோ பிறக்கின்றனர். உலக அளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒருவருக்கு இக்குறை நேர்கிறது. பலருக்கு ஈறு எலும்பிலும் இடைவெளி இருக்கும். வழக்கமாக இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து அதை நிரப்புவார்கள். பிரேசில் நாட்டு மருத்துவர்கள், குழந்தையின் சொந்தப் பால்பல் குருத்தணுக்களைக் கொண்டே அந்த இடைவெளியை நிரப்பிப் பார்த்து, அங்கே எலும்பு உருவானதை 2020இல் அறிவித்தனர். இது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. கூரையில் காய்ந்த பல் இதற்கு உதவாது. உயிருள்ள பற்கூழோடு தூய்மையாக எடுத்த பல் வேண்டும்.

இங்கே ஒரு கொடுமையைச் சொல்லியாக வேண்டும். கிரகணத்தின்போது கர்ப்பிணி வெளியே வந்ததால்தான் குழந்தையின் உதடு பிளந்தது என்று சொல்லித் தாயைப் பழிப்பவர்கள் இன்றும் உண்டு. சிந்தித்துப் பாருங்கள். கிரகணம் என்பது நிழல். மர நிழலில் நின்றால் உதடு பிளக்குமா? கருவில் உதடு இணைவது நான்காம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள்; அண்ணம் இணைவது அதற்குச் சற்றுப் பின்னர். அப்போது தான் கருவுற்றிருப்பதையே பல தாய்மார்கள் அறிந்திருப்பதில்லை. இணைந்து முடிந்த உதட்டை ஆறாம் மாதத்தில் வரும் கிரகணம் எப்படிப் பிரிக்கும்? 2019 டிசம்பர் 26 அன்று கோவையிலும் திண்டுக்கல்லிலும் வளையக் கிரகணம் தெரிந்தது. அது தெரியாத நாடுகளிலும் இக்குறையுடன் குழந்தைகள் பிறக்கத்தான் செய்கின்றன. மரபணுக்கள், சில மருந்துகள், தாய் புகைபிடித்தல், கட்டுப்படுத்தப்படாத நீரிழிவு போன்றவற்றுக்கே இதில் பங்கு உண்டு. பல சமயம் தனியான ஒரு காரணத்தைச் சுட்டவே முடிவதில்லை.

குறை பெரிதானாலும் தீர்வு உண்டு. உதட்டை வழக்கமாக மூன்று முதல் ஆறு மாத வயதிலும், அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள்ளும் தைத்துச் சரிசெய்கிறார்கள். குழந்தைகளைப் பரிசோதித்து இலவச சிகிச்சைக்கு அனுப்ப 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் பட்டியலில் இக்குறையும் சேர்க்கப்பட்டுள்ளது.

செய்து பாருங்கள்

ஒரு முட்டையைக் கண்ணாடித் தம்ளரில் இட்டு, அது மூழ்கும் வரை வினிகர் ஊற்றுங்கள். குமிழிகள் எழும். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். ஓடு கரைந்து முட்டை தோல்பை போல் ஆகியிருக்கும். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட், பல் கால்சியம் பாஸ்பேட். பொருள் வேறானாலும், அமிலம் சுண்ணச்சத்தைக் கரைக்கும் என்ற பாடம் ஒன்றே.

அடுத்த முறை வீட்டில் தம்பிக்கோ தங்கைக்கோ பல் விழுந்தால் கூரைமேல் எறியட்டும், அதில் தவறில்லை. அதற்கு முன் உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். உங்கள் தெருவில் உதடு பிளந்த குழந்தையைப் பெற்ற தாய் யாரேனும் இருந்தால், கிரகணம் வெறும் நிழல்தான் என்று அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் கற்ற அறிவியலுக்கு அதைவிட நல்ல பயன் வேறென்ன இருக்க முடியும்?